ரா டேட்டா அனுப்பப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ!

எஃப்பிஜிஏ போர்டு ரெண்டையும் மேசையில பரப்பி வெச்சுக்கிட்டு, "அனுப்பினது ஒண்ணு, வந்தது ஒண்ணு"ன்னு முழிச்சிட்டிருக்கியா? டேட்டாவை அப்படியே ‘ரா’வா ட்ரான்ஸீவர்ல தள்ளிவிட்டிருப்ப. நானும் அதைச் செஞ்சவதான். ரான்னா ஒண்ணும் செய்ய வேண்டாம்னு அர்த்தம் இல்ல கண்ணு. புரோட்டோகால் பார்க்கற வேலையை எல்லாம் நீ பார்க்கணும்னு அர்த்தம்.

1. ரா தேவைதானான்னு முதல்ல பாரு. ரெண்டு சிப் பேசிக்கணும், அவ்வளவுதானே? சைலிங்ஸ் சிப்னா ஆரோரா கோர் காசில்லாம கிடைக்குது. போட்டுட்டு வீட்டுக்குப் போ. சொந்த ஃபார்மேட்தான் வேணும்னு அடம் பிடிச்சா மட்டும் மேல படி.

2. வரிசையா பூஜ்யம் அனுப்பாதே. இங்க க்ளாக்குக்குன்னு தனி ஒயர் கிடையாது. பிட் 0-க்கும் 1-க்கும் மாறுற இடத்தை வெச்சுத்தான் ரிசீவர் க்ளாக்கைக் கண்டுபிடிக்குது. மாற்றமே இல்லைன்னா அது எதைப் பிடிச்சுக்கும்? நடுவுல கப்பாசிட்டர் இருந்தா சிக்னல் மட்டமும் நகர்ந்துடும். ஐபிஎம்-காரங்க 1983-லயே வெளியிட்ட 8பி/10பி கோடிங்கைப் போடு. ஒரே பிட் அஞ்சு தடவைக்கு மேல தொடர்ந்து வராது. ஆனா 8 பிட் 10 பிட்டா ஆகுது, லைன்ல 3.125 ஜிகாபிட் ஓடினா உன் டேட்டாவுக்கு 2.5 தான். கணக்குப் போடும்போது இதை மறந்துடாதே.

3. கஞ்சத்தனம் பண்ணணும்னா 64பி/66பி. செலவு 3 சதவீதம்தான். ஆனா அதோட ஸ்க்ராம்ப்ளர்ல ஒரு பிட் தப்பினா, வெளிய வரும்போது மூணு பிட் தப்பா வரும். சிஆர்சி இல்லாம அந்தப் பக்கம் போகாதே.

4. எழுத்து எங்க தொடங்குதுன்னு சொல்லு. ரிசீவருக்கு வர்றது இடைவெளியே இல்லாத பிட் வரிசை. 8பி/10பி-ன்னா கே28.5-ங்கற கமாவை அப்பப்போ அனுப்பு. ஆரம்பத்துல ஒரு தடவை அனுப்பிட்டு விட்டுட்டா, கேபிளைப் பிடுங்கிச் சொருகினதும் திரும்ப எல்லாம் குப்பை.

5. ரெண்டு கிரிஸ்டல் ஒரே மாதிரி ஓடும்னு நம்பாதே. ஒவ்வொண்ணும் 100 பிபிஎம் வரைக்கும் முன்னப்பின்ன இருக்கலாம். ரெண்டும் எதிரெதிரா போனா 5,000 வார்த்தைக்கு ஒண்ணு கூடும், இல்ல குறையும். பஃபர் நிரம்பி வழியறதுக்கு முன்னாடி, தூக்கிப் போடக்கூடிய வெத்து வார்த்தையை அடிக்கடி நடுவுல சேர்த்துவிடு.

6. ரீசெட் லாஜிக்கை சொந்தமா எழுதாதே. பிஎல்எல் லாக் ஆகணும், அப்புறம் ட்ரான்ஸீவர், கடைசியில உன் லாஜிக். ட்ரான்ஸீவர் விஸார்டு தர்ற ரீசெட் மாட்யூல் இந்த வரிசையைப் பார்த்துக்கும். உன் சாமர்த்தியத்தை வேற இடத்துல காட்டு.

7. போர்டைத் திட்டறதுக்கு முன்னாடி போலாரிட்டியைப் பாரு. பி, என் ஒயர் மாறியிருந்தாலும் கே28.5 கே28.5-ஆவே தெரியும், அலைன்மென்ட் ஜோரா ஆகும். டேட்டா மட்டும் உளறும். ராத்திரி முழுக்க என் கோடைச் சந்தேகப்பட்டுட்டு, விடிஞ்சதும் போர்டையே திரும்ப அடிக்கணும்னு கிளம்பினேன். கடைசியில போலாரிட்டி பிட் ஒண்ணை மாத்தினேன், சரியாப் போச்சு.

8. லூப்பேக்ல பாஸ் ஆச்சேன்னு துள்ளாதே. ஒரே போர்டுன்னா ஒரே கிரிஸ்டல், அதனால அஞ்சாவது பிரச்னை எட்டிப் பார்க்காது. சிப்புக்குள்ளேயே திருப்பினா ஏழாவதும் ஒளிஞ்சுக்கும். முதல்ல உள் லூப்பேக், அப்புறம் கேபிள், கடைசியா ரெண்டு போர்டு. இந்த வரிசையில போனா எந்தப் படியில உடையுதோ அங்கதான் தப்பு. தேடற வேலை மிச்சம்.

9. ஒரு நிமிஷம் பார்த்துட்டு "எரர் இல்ல"ன்னு சொல்லாதே. லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு தப்புக்கு மேல இல்லைன்னு 95 சதவீத உறுதியோட சொல்லணும்னா, மூணு லட்சம் கோடி பிட் தப்பில்லாம போகணும். 3.125 ஜிகாபிட்ல அதுக்கு 16 நிமிஷம். பிஆர்பிஎஸ்-31 பேட்டர்னை ஓட விட்டுட்டு எழுந்திரு. காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல, போய் சாப்பிட்டுட்டு வா.