மோட்டார் சைக்கிளுக்குப் பூட்டுப் பெட்டி அமைத்தல்

சங்கத்துக்கு நூல் வாங்கச் செல்லும் நெசவாளரும், காய்கறி விற்றுத் திரும்பும் விவசாயியும் இக்காலத்தில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளிலேயே செல்கின்றனர். சென்ற தலைமுறையினர் சைக்கிள் கேரியரில் மூட்டையைக் கயிற்றால் பிணைத்துச் சென்றனர். வண்டி மாறிற்று; கயிறு மாறவில்லை.

முத்தாபுதுப்பேட்டையில் நாம் அறிந்த அங்கத்தினர் ஒருவர், நெய்து முடித்த துணியைக் கட்டிக்கொண்டு ஆவடிப் பக்கம் செல்கையில், தேநீர் அருந்துவதற்காக ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தினார். திரும்பி வந்தபோது கயிறு இருந்தது, துணிக்கட்டு இல்லை. அத்துணி அவருடைய சொந்தப் பொருளன்று. சங்கத்து நூலில் நெய்தது. கூலி போனதுமன்றி, நூலின் கிரயமும் அவர் கணக்கில் பற்றாக எழுதப்பட்டது. இத்தகைய நஷ்டம் நேராதிருக்க, பூட்டும் பெட்டி ஒன்றை அமைத்துக்கொள்ளும் முறையை இங்கு ஆராய்வோம்.

வண்டியில் பெட்டி வைப்பது புதுமையன்று. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸாரும் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து நிறுவனத்தாரும் கூடி அமைத்த என்ஃபீல்டு இந்தியா கம்பெனி, திருவொற்றியூரில் உருவாக்கிய பழைய புல்லட் வண்டிகளின் பக்கவாட்டிலேயே கருவிப் பெட்டி இருந்தது. ஆனால் அதில் ஸ்பானர் கொள்ளும், நூற்கட்டு கொள்ளாது. ஆகவே நமது தொழிலுக்கு வேண்டிய பெட்டியை நாமே அளந்து செய்வித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அளவு எடுப்பதில் பலர் செய்யும் பிழை, வண்டியை அளந்து பெட்டியைச் செய்வது. முதலில் அளக்க வேண்டியது சரக்கை. மடித்த துணிக்கட்டையோ நூற்கட்டையோ தரையில் வைத்து, அதைச் சுற்றி அட்டையால் ஒரு மாதிரிப் பெட்டி செய்க. நம் அனுபவத்தில் 45 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் கொண்ட பெட்டி பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். 47 லிட்டர் கொள்ளும். 2020-ஆம் ஆண்டு மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம் அனுமதிக்கும் பேரளவு 550 மி.மீ. நீளம், 510 மி.மீ. அகலம், 500 மி.மீ. உயரம். பெட்டியைப் பின்னிருக்கையின் மேலேயே அமைத்தால் ஓட்டுபவர் ஒருவரே செல்லலாம்; பின்னிருக்கைக்கும் அப்பால் அமைத்தால் மற்றொருவரும் அமரலாம் என்பதும் அத்திருத்தத்தில் உண்டு.

இனி, எங்கே வைப்பது என்பதே தலையாய பிரச்சினை. ஏற்றம் மிதித்தவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மிதிப்பவர் ஏற்றமரத்தில் பின்னோக்கி நடக்க நடக்க, மறுமுனையில் சால் மேலே எழுகிறதல்லவா? மோட்டார் சைக்கிளில் பின் சக்கரத்தின் அச்சே ஏற்றக்கால். முன் சக்கரமே சால். பெட்டியும் சரக்கும் சேர்ந்து 22 கிலோ என்றும், அது பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் இருக்கிறது என்றும் கொள்வோம். இரு சக்கரங்களுக்கும் இடையே 125 செ.மீ. என்றால், 22-ஐ 30-ஆல் பெருக்கி 125-ஆல் வகுக்க, முன் சக்கரத்தின்மீதுள்ள பாரம் ஐந்து கிலோவுக்குச் சற்று மிகுதியாகக் குறைகிறது என்று தெரியும். ஐந்து கிலோதானே என்று எண்ணலாகாது. நாம் முதலில் செய்வித்த பெட்டி, கேரியருக்கும் அப்பால் நீட்டிய இரு கம்பிகளின்மேல் நின்றது. சமதரையில் குற்றமில்லை. மேட்டில் ஏறும்போது கைப்பிடி நடுங்கத் தொடங்கிற்று. மணல் கிடந்த திருப்பத்தில் முன் சக்கரம் வழுக்கி வண்டி சாய்ந்தது. முழங்கால் காயத்தோடு தப்பினோம். அது மட்டுமன்று, அப்பெட்டி பின்விளக்கையும் பாதி மறைத்திருந்ததை, பின்னால் வந்த லாரிக்காரர் சொல்லித்தான் அறிந்தோம்.

ஆகவே, தனியே செல்பவர் பெட்டியைப் பின்னிருக்கை இருக்கும் இடத்தில், பின் அச்சுக்கு நேர் மேலாகவோ சிறிது முன்னதாகவோ வைப்பதே சிறந்தது. பக்கவாட்டில் தொங்கவிட்டால் பாரம் தாழ்ந்து நிற்கும் என்பது மெய்யே. ஆயினும் பல வண்டிகளில் வலப்பக்கம் சைலன்ஸர் இருக்கிறது. அதன் சூடு துணிக்கு ஆகாது. இடப்பக்கமோ, நம் வீட்டுப் பெண்மணிகள் காலைத் தொங்கவிட்டு அமரும் பக்கம். வாரத்தில் இரண்டு நாளாவது மனைவியையோ தாயாரையோ அழைத்துச் செல்பவர், பின்புறத்தில் சிறிய பெட்டியாக அமைத்து, பாரத்தையும் குறைத்துக்கொள்வதே தகும்.

தகட்டைப் பற்றிச் சில கணக்குகள். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ நிறையுடையது. ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடு 4 கிலோதான். மேற்சொன்ன பெட்டியின் ஆறு முகங்களும் சேர்ந்து ஏறத்தாழ 0.8 சதுர மீட்டர். மடிப்புகளையும் கீலையும் கூட்டினால் இரும்புப் பெட்டி எட்டு கிலோவை எட்டும். அலுமினியப் பெட்டி அதில் பாதியளவே. ஒட்டுப்பலகையும் இலேசுதான்; ஆனால் ஓரங்களில் மழைநீர் ஊறினால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். இரும்பு விலை மலிவு, எந்தப் பட்டறையிலும் பற்றவைக்கலாம். கைப்பணம் இடங்கொடுப்பவர் அலுமினியத்தை நாடலாம். 1960-களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றித் தகடு வெட்டி மடித்துக் கொடுக்கும் பட்டறைகள் பல உள்ளன. எட்டடிக்கு நான்கடித் தகட்டில் இரண்டு பெட்டிகள் தாராளமாக வெட்டலாம். ஒருவர் தனியே வாங்கினால் தகட்டில் பாதிக்கு மேல் வீணாகும். அங்கத்தினர் சிலர் ஒரே அளவில் சேர்ந்து செய்விப்பது இலாபம் என்பதைக் கூட்டுறவுச் சங்கத்தாருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பூட்டைப் பற்றிப் பேசுமுன் கீலைக் காண்க. திருடன் பூட்டைத் தொடுவதில்லை; பலவீனமான இடத்தையே தேடுகிறான். கீலின் திருகாணி வெளியே தெரிந்தால் ஒரு திருப்புளி போதும். மூடியின் ஓரத்தில் சந்து இருந்தால் ஒரு நெம்புகோல் போதும். பெட்டியைக் கேரியரோடு பிணைக்கும் நட்டு கீழே தெரிந்தால், பெட்டியையே எடுத்துச் சென்று வீட்டில் சாவகாசமாகத் திறந்துகொள்வான். எனவே, பெட்டியின் முழு நீளத்துக்கும் ஒரே கீலாக உட்புறத்தில் அமைத்து, அதன் ஊசி உருவி வராதபடி இரு முனைகளையும் தட்டி நசுக்கிவிடுக. மூடியின் விளிம்பு வெளிப்புறமாக 25 மி.மீ. தழைந்து வரவேண்டும், மழை நீருக்கும் அதுவே காப்பு. அடியில் எட்டு மி.மீ. போல்ட்டுகள் நான்கு: உருண்டைத் தலை வெளியே, நட்டு பெட்டிக்குள்ளே. நட்டுக்கும் தகட்டுக்கும் இடையே 3 மி.மீ. பட்டையொன்று கொடுக்காவிடில், வண்டியின் அதிர்வில் துளையைச் சுற்றித் தகடு கீறிவிடும்.

பூட்டு எனில் நம் நாட்டில் திண்டுக்கல் பெயரைச் சொல்லாமல் இருக்கவியலாது. 2019-இல் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடு பெற்றது. அதைக் கோரி விண்ணப்பித்ததும் அவ்வூர்ப் பூட்டுத் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கமே. நெம்புப் பூட்டின் உள்ளே பல சிறு தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தகட்டைக் குறித்த உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் தாழ் நகராது. தகடுகள் மிகுதியாக மிகுதியாகக் கள்ளச்சாவிக்கு வேலை கடினமாகும். மேசை இழுப்பறைக்கு வைக்கும் சிறு பூட்டைச் சிலர் பெட்டிக்குப் பொருத்துகின்றனர். அதை ஒரு முறை முறுக்கினால் உடைந்துவிடும். கொண்டியும் தொங்கு பூட்டுமே நல்லது. கொண்டியின்மேல் ஒரு தகட்டுக் கூடு வைத்தால் இரும்புக்கம்பி நுழையாது. பூட்டு ஓயாமல் ஆடி ஓசை எழுப்புவதைத் தடுக்க, பழைய டியூபில் ஒரு துண்டை உறையாக மாட்டலாம்.

நெசவாளருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. வெள்ளை நூலில் துருக்கறை பட்டால் சலவையில் எளிதில் போகாது. தேர்வில் துணி கழிந்துவிடும். இரும்புப் பெட்டியின் உட்புறத்தில் ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் வர்ணமும் பூசிய பிறகு, பழைய ஜமுக்காளத்தை விரித்து ஒட்டுக. அலுமினியம் துருப்பிடிக்காது, ஆயினும் உராய்ந்தால் சாம்பல் நிறக் கறை விடும். ஆதலால் அதற்கும் விரிப்பு வேண்டும். அடியில் ஆறு மி.மீ. துளை இரண்டு இட்டு, வலை ஒட்டினால், தப்பி நுழைந்த நீர் வடிந்துவிடும்.

விவசாயிகள் மல்லிகையையும் கீரையையும் இப்பெட்டியில் அடைக்கலாகாது. வெயிலில் நின்ற பெட்டியினுள் அவை வெந்துவிடும். அவற்றுக்கு நனைத்த சாக்கே உகந்தது. விதையையும் வெயிலில் நிற்கும் பெட்டியில் விட்டுச் செல்லாதீர். சூட்டில் முளைப்புத்திறன் கெடும். பூச்சிமருந்துப் புட்டியை உணவோடு சேர்த்து வைப்பதை நாம் பலமுறை கண்டு திடுக்கிட்டிருக்கிறோம். கோயம்பேட்டில் சரக்கு விற்ற ரொக்கத்தையும் பெட்டியில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்வது நலம். எவ்வளவு நல்ல பெட்டியும் திருடனைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றும் தடுக்காது.

பெட்டி பொருத்திய பின் முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒரு முறை முறுக்கிப் பாருங்கள்; அவை தளர்ந்திருக்கக் காண்பீர்கள். பின்விளக்கும் எண் பலகையும் மறையாமல் தெரிகின்றனவா என்று இருட்டில் பத்தடி தள்ளி நின்று நோக்குங்கள். இரண்டு சாவிகளில் ஒன்றை வீட்டில் வைத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்துப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டியவரையும் நாம் அறிவோம்.