பைக் ஹேண்டில் ஆடுதா? பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

விருதுநகர்ல வீடு, சிவகாசியில பிரஸ்லயோ பட்டாசு கம்பெனி ஆஃபீஸ்லயோ வேலை. இப்படி தினமும் பைக்ல போய் வர்றவங்களுக்குப் பெட்ரோலுக்கு அடுத்த செலவு மெக்கானிக் ஷெட்தான். அங்க போய் "அண்ணே, ஹேண்டில் ஆடுது"ன்னு மட்டும் சொன்னா, கோன் செட், டயர், பேரிங்னு ஒவ்வொண்ணா மாத்திப் பார்க்க வேண்டியதுதான். பில் நம்ம தலையில. அதனால, காசு செலவாகாத காரணத்துல இருந்து ஆரம்பிங்க.

இன்ஜினா, வீலா?

காலி ரோட்ல ஒரே வேகத்துல, முதல்ல டாப் கியர்லயும் அடுத்து ஒரு கியர் குறைச்சும் ஓட்டிப் பாருங்க. கியர் மாறினதும் அதிர்வும் மாறினா, இன்ஜின் பக்கம் பார்க்கணும். மவுன்ட்டிங் போல்ட் லூஸா இருக்கலாம். அதிர்வு அப்படியே இருந்தா வீல், டயர் பக்கம் பிரச்சினை.

எப்போ ஆடுது?

• 40–60 வேகத்துல ஆக்சிலேட்டரை விடும்போது ஹேண்டில் படபடத்தா: முன் டயர் காத்து, தேய்மானம், வீல் கோட்டம், கோன் செட்.
• நாலு வழிச்சாலை வேகத்துல பின்பக்கம் அலைஞ்சா: பின் டயர் காத்து, ஸ்விங் ஆர்ம் புஷ், பின்னாடி லோடு. காலண்டர் பண்டல் கட்டின அன்னைக்கு மட்டும் ஆடினா, முதல்ல லோடைச் சந்தேகப்படுங்க.
• பிரேக் பிடிக்கும்போது மட்டும் அதிர்ந்தா: டிஸ்க் அல்லது டிரம்.
• பள்ளத்துல இறங்கும்போது முன்னாடி 'டக்'னு கேட்டா: கோன் செட் லூஸ்.

செலவு வரிசையில செக் பண்ணுங்க

1. காத்து: காலையில வண்டி எடுத்ததும் பக்கத்து பங்க்ல பாருங்க. நம்ம ஊர் வெயில்ல ரொம்ப தூரம் ஓட்டிட்டுப் பார்த்தா டயர் சூடாகி அளவு கூடுதலா காட்டும். சரியான அளவு வண்டி மேனுவல்ல இருக்கும்.

2. பின் வீல் நேரா இருக்கா: செயின் அட்ஜஸ்டர் ரெண்டு பக்கமும் ஒரே கோட்டுல இருக்கணும். செயின் டைட் பண்ணும்போது இது மாறிப்போக வாய்ப்பு உண்டு.

3. கோட்டம்: சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ரிம் பக்கத்துல பென்சிலை அசையாம பிடிச்சு வீலை கையால சுத்துங்க. இடைவெளி கூடிக் குறைஞ்சா கோட்டம். ஸ்போக் வீல்னா கோட்டம் எடுத்தா போதும், புது ரிம் பெரும்பாலும் தேவைப்படாது.

4. கோன் செட்: முன் வீல் தரையில படாம, ஃபோர்க்கோட கீழ்ப்பகுதியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா முதல்ல டைட் பண்ணச் சொல்லுங்க. ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவுல வந்து 'சிக்'னு நின்னா மட்டும் மாத்துங்க.

5. டயர்: ஓரத்துல இருக்கிற நாலு நம்பரைப் பாருங்க. 2319ன்னா 2019-ல 23-வது வாரம் தயாரிச்சது. பட்டன் தேய்ஞ்சு, உள்ளே இருக்கிற குறிக்கோடு வரைக்கும் வந்துட்டா யோசிக்காம மாத்துங்க. இதுல மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஓடும்போதே ஆட ஆரம்பிச்சா?

சாத்தூர் பக்கம் என்.எச். 44-ல லாரிகளுக்கு நடுவுல திடீர்னு ஆடினா, பிரேக்கை அழுத்தாதீங்க, ஹேண்டிலை இறுக்கிப் பிடிச்சு மல்லுக்கட்டாதீங்க. முழங்காலால டேங்கை அணைச்சு, உடம்பைக் கொஞ்சம் முன்னாடி சாய்ச்சு, ஆக்சிலேட்டரை மெதுவா குறைங்க. ஓரம் கட்டின பிறகு காரணத்தைத் தேடலாம்.

அடுத்த தடவை ஷெட்டுக்குப் போகும்போது, "50-ல ஆக்சிலேட்டர் விட்டா ஆடுது, காத்து சரியா இருக்கு, ரிம் நேரா இருக்கு"ன்னு சொல்லுங்க. தேவையில்லாத பார்ட்ஸ் பில்லுல ஏறாது.