தாழம்பற்றையை வெட்டலாமா?

குளக்கட்டில் நின்று வயற்பக்கம் பாருங்கள். கட்டின் அடிக்கும் முதல் வயலுக்கும் இடையே எப்போதும் ஈரமாக ஒரு துண்டு நிலம் கிடக்கும். அங்கே தாழை அடர்ந்திருந்தால் உங்கள் முன்னோர் அறிவுடையோர் என்று கொள்ளுங்கள். காணி துப்புரவாக்கும்போது எளிதில் வெட்டுப்படுவது இப்பற்றையே.

சிங்களக் கிராமங்களில் இந்நிலத்தைக் 'கட்டகடுவ' என்றும் தாழையை 'வெட்டகெய்யா' என்றும் சொல்வர். உலர்வலயத்தின் தொடர்குள முறையை, உலகின் முக்கிய வேளாண் மரபுகளில் ஒன்றாக ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2017இல் ஏற்றது. இந்த ஈரநிலப் பற்றையும் அம்முறையின் ஓர் உறுப்பே.

அதன் பயன் என்ன?

கட்டினூடாகக் கசியும் நீரில் உப்பும் இரும்பும் கரைந்து வரும். பற்றை அவற்றில் ஒரு பங்கைத் தடுத்துக்கொள்ளும். பற்றை அழிந்தால் அவை நேரே முதல் வயலில் படியும். தாழையின் விழுதுகள் மண்ணை இறுக்கிப் பிடிக்கும். முள்ளிலைகளின் நடுவே கானாங்கோழி கூடு கட்டும். தவளையும் உடும்பும் ஒதுங்கும்.

"தாழம்பூ மணத்துக்குப் பாம்பு வரும்" என்பார்கள். பாம்பை அழைப்பது மணமல்ல. அங்குள்ள தவளையும் எலியுமே. சாரை பிடிக்கும் எலி உங்கள் நெல்லைத் தின்னும் எலிதான். ஆயினும் வீட்டு வாசலிலும் பிள்ளைகள் நடக்கும் பாதையோரத்திலும் தாழை வேண்டாம்.

நடும் முறை

1. கமக்காரர் அமைப்பில் பேசி, கமநல சேவை நிலையத்தின் அனுமதி பெறுங்கள். கண்ணிவெடி அபாய அறிவிப்புள்ள இடத்தில் மண்வெட்டி வைக்க வேண்டாம்.
2. தாய்ச் செடியின் அடியில் விழுதோடு நிற்கும் பக்கக் கன்றை வெட்டியெடுங்கள். இலைகளைப் பாதியாக நறுக்குங்கள்.
3. மாரி தொடங்கும்போது, ஆறடிக்கு ஒன்றாக ஈரநிலத்தில் நடுங்கள். கட்டின்மேல் நடக்கூடாது, வேர் கட்டைக் கெடுக்கும். துருசு வாய்க்காலையும் அடைக்கக்கூடாது.
4. ஆண் செடியிலேயே மணமுள்ள பூ; பெண் செடியிலேயே அன்னாசி போன்ற காய். இரு வகைக் கன்றும் நடுங்கள்.
5. கன்று வேரூன்றும்வரை மாடு மிதியாமல் அலம்பல் வேலி போடுங்கள். பின்னர் முள்ளே காவல்.

இலை தேவையெனில் முற்றியதை மட்டும் அறுத்துப் பாய் பின்னலாம்; பற்றைக்குத் தீ வைக்க வேண்டாம்.

கூடிப் பேச:
உங்கள் குளத்தின் கீழ் முன்பு எவ்வளவு தாழை நின்றது? முதல் வயல்காரர் இன்று என்ன சொல்கிறார்? அவரையே முதலில் கேளுங்கள்.