லேப்டாப் ஹேங் ஆகுதா? முதல்ல நாடி பிடிச்சுப் பாருங்க!



எங்கள் வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. அக்கா கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. போன மாதம் அதற்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. ஆன் செய்தால் திரை வர கால் மணி நேரம். ஒரு ஃபைலைத் திறந்தால் அப்படியே உறைந்து நின்றுவிடும். அக்காவின் கடைசி வருட ப்ராஜெக்ட் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. ஒப்படைக்கப் பத்து நாள்தான் பாக்கி. காலமாகிவிட்ட எங்கள் தாத்தாவின் படங்களும் அதில் மட்டும்தான் இருந்தன.

பக்கத்து வீட்டு அண்ணன், "ரேம் பத்தல. இன்னொரு ரேம் போட்டா பறக்கும்" என்றார். கடைக்காரர், "வைரஸ்தான். ஃபார்மட் அடிச்சுட்டா புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். அம்மா பணத்தை எடுத்துக் கொடுக்கவே தயாராகிவிட்டார். நான் எங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். மிஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"காய்ச்சல்னு வந்தவருக்கு டெஸ்ட் எதுவும் எடுக்காம ஆபரேஷன் பண்ணுவாங்களாம்மா? முதல்ல அளந்து பாரு. அதுக்கும் முன்னாடி முக்கியமானதை எல்லாம் காப்பி எடு."

அன்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே பாடமாக எழுதியிருக்கிறேன்.

1. உறைந்து நின்றால் உடனே என்ன செய்வது?

பவர் பட்டனை அழுத்தாதீர்கள். கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டருக்கு இன்னும் உயிர் இருக்கிறது, ஏதோ வேலைக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். பிறகு கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எதற்கும் அசையவில்லை என்றால் மட்டும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் நின்றால் ஃபைல் கெட்டுப் போகலாம். அதனால்தான் இதைக் கடைசி வழியாக வைத்திருக்கிறோம்.

2. முதல் வேலை காப்பி

திறக்க முடிகிற நேரத்திலேயே மிக முக்கியமான ஃபைல்களைப் பென் டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். முதலில் சிறிய, அவசரமான ஃபைல்கள். அதன்பிறகு படங்கள். கடைசியில் சினிமாவும் பாட்டும். (நம்மில் பலர் இதைத் தலைகீழாகத்தான் செய்வோம்!)

3. நாடி பார்ப்பது எப்படி?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று மூன்று பத்திகள் இருக்கும். இவைதான் மூன்று நாடிகள்.

அ) சி.பி.யு. எப்போதும் 100% அருகே இருந்தால்: ஏதோ ஒரு புரோகிராம் எல்லா வேலையையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அந்தப் பத்தியின் தலைப்பைக் க்ளிக் செய்தால் அந்த ஆள் மேலே வந்து நிற்பார். யாரென்றே தெரியாத பெயராக இருந்தால் வைரஸ் சோதனை செய்யுங்கள். ஒன்றுக்கு இரண்டாக ஆன்டிவைரஸ் போட்டு வைத்தாலும் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

ஆ) மெமரி 90% தாண்டினால்: ரேம் பற்றவில்லை. அப்போது விண்டோஸ், ரேமில் இருப்பதில் ஒரு பகுதியை ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். ரேமிலிருந்து எடுக்க ஏறக்குறைய 100 நானோ விநாடி. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்க ஏறக்குறைய 10 மில்லி விநாடி. வகுத்துப் பாருங்கள், 1 லட்சம் மடங்கு! மேசைமேல் இருக்கும் புத்தகத்தை எடுக்க ஒரு விநாடி என்றால், இது ஒரு நாளுக்கும் மேலே நடந்து போய் எடுத்து வருவது மாதிரி. இதற்குத்தான் ரேம் கூட்ட வேண்டும், அல்லது திறந்து வைத்திருக்கும் ஜன்னல்களைக் குறைக்க வேண்டும்.

இ) சி.பி.யு.வும் மெமரியும் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100% என்றால்: ஆன் செய்த புதிதில் அப்டேட், வைரஸ் சோதனை நடப்பதால் இப்படி இருக்கலாம். அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். அப்போதும் குறையவில்லை என்றால்தான் டிஸ்க் மேல் சந்தேகப்பட வேண்டும்.

4. எங்கள் லேப்டாப் என்ன சொன்னது?

சி.பி.யு. 6%. மெமரி 55%. டிஸ்க் 100%. ஒரு மணி நேரம் கழித்தும் அதேதான். அப்படியென்றால் ரேம் வாங்கியிருந்தால் பணம் வீண்.

மிஸ் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் டிஸ்க் பதில் சொல்ல எடுக்கும் சராசரி நேரத்தைப் பார்க்கச் சொன்னார். அது ஆயிரக்கணக்கான மில்லி விநாடி காட்டியது. இது சரியா தவறா என்று இயற்பியல் பாடத்தை வைத்தே கணக்குப் போடலாம்.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். அதாவது விநாடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 1/90 விநாடி, ஏறக்குறைய 11 மில்லி விநாடி. வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லி விநாடி. ஊசி நகரும் நேரத்தையும் சேர்த்தால் 15, 20 வரலாம். ஆயிரக்கணக்கில் வந்தால் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறது!

டிஸ்க்கில் தகவல் சின்னச் சின்னக் கட்டங்களாக எழுதப்படுகிறது. ஒரு கட்டம் பழுதானால் டிஸ்க் அதைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அதுவரை மற்ற எல்லாம் வரிசையில் நிற்கும். நாம் 'ஹேங்' என்று சொல்வது அந்த வரிசையைத்தான்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளில் பார்த்தோம். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது. படிக்க முடியாத கட்டங்களின் எண்ணிக்கையும் இருந்தது. நோயாளி யாரென்று தெரிந்துவிட்டது.

5. இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை

டிஸ்க் பழுது என்று தெரிந்தபின் காப்பி எடுக்காமல் ஃபார்மட் செய்யாதீர்கள். 'செக் டிஸ்க்' சோதனையையும் ஓட்டாதீர்கள். அது முழு டிஸ்க்கையும் தேய்த்துப் படிக்கக்கூடும். சாகக் கிடக்கும் டிஸ்க் அதிலேயே போய்விடலாம். கடையில் கொடுத்திருந்தால் எங்களுக்கு அதுதான் நடந்திருக்கும்.

6. மற்ற சின்ன வைத்தியங்கள்

* இருபது நிமிடம் ஓடியபிறகுதான் மெதுவாகிறதா? அடிப்பக்கம் சுடுகிறதா? ஃபேனில் தூசி. சூடு ஏறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். காற்று போகும் வழி அடைபடும்.
* ஆன் செய்ததும் தானாகத் திறக்கும் புரோகிராம்களை டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில் நிறுத்தலாம்.
* சி டிரைவில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும்.

7. கடைசியில் என்ன ஆச்சு?

அக்காவின் ப்ராஜெக்ட் முழுதாகக் கிடைத்தது. படங்களைக் காப்பி எடுக்க இரண்டு இரவு ஆனது. தாத்தாவின் படங்களில் நான்கு மட்டும் திறக்கவே இல்லை. அதில் ஒன்று அவர் எனக்குச் சைக்கிள் பழக்கிய படம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளே, மிச்சப் படங்களை இரண்டு பென் டிரைவில் போட்டு ஒன்றைச் சித்தி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

ரேம் வாங்க வைத்திருந்த பணத்தோடு கொஞ்சம் சேர்த்து எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டோம். அதில் சுற்றும் தட்டும் கிடையாது, நகரும் ஊசியும் கிடையாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதாலும், எங்கள் பழைய லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்காததாலும் லினக்ஸ் போட்டுக்கொண்டோம். இப்போது ஒரு நிமிடத்துக்குள் ஆன் ஆகிவிடுகிறது.

நண்பர்களே! பழுதான டிஸ்க்குக்கு மாற்று கடையில் கிடைக்கும். அந்த நான்கு படங்களுக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?
1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 50 தட்டுகள் இருந்தன. அத்தனை தட்டிலும் சேர்த்து 50 லட்சம் எழுத்துகள்தான் அடங்கும்!

சிந்தித்து விடை சொல்லுங்கள்
1) நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்கில் அரைச் சுற்றுக்கு எத்தனை மில்லி விநாடி?
2) மெமரி 95%, டிஸ்க்கும் 100%. இங்கே டிஸ்க் பழுதா, ரேம் பற்றாக்குறையா? எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

(விடைகள் அடுத்த இதழில்)



— பதினொன்றாம் வகுப்பு மாணவி, கணினி அறிவியல் பிரிவு