கவுன்சலிங்குக்கு முன், இரண்டு கல்லூரிகளுக்கு நடுவே

பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கில் இரண்டு கல்லூரிகளில் எதை முதலில் போடுவது என்று குழம்பி நிற்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. 200-க்குப் போடும் கட்-ஆஃப் மதிப்பெண்ணை வைத்துக் கல்லூரியின் தரத்தை எடை போடாதீர்கள். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கூட்டி வருவது அது. போன வருடம் எத்தனை மதிப்பெண்ணில் இடம் முடிந்தது என்பது அந்தக் கல்லூரியை எத்தனை பேர் விரும்பினார்கள் என்றுதான் காட்டும். உள்ளே எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று காட்டாது.

2. வாசல் பலகையில் இருக்கும் நாக் (NAAC) தரம் கல்லூரி முழுமைக்கும் உரியது. என்பிஏ (NBA) அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. நீங்கள் சேரும் துறைக்கு அது இருக்கிறதா, எந்த வருடம் வரை செல்லும் என்று கேளுங்கள்.

3. இரண்டு கல்லூரிகளையும் நேரில் போய்ப் பாருங்கள். இதைத்தான் நான் மிக அழுத்திச் சொல்வேன். ஆடிட்டோரியம் வேண்டாம், ஒர்க்‌ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். லேத்துக்கு அடியில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, கைப்பிடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுகிறதா, பெயின்ட் தேய்ந்திருக்கிறதா? அப்படியென்றால் பிள்ளைகள் அதைத் தொட்டு வேலை செய்கிறார்கள். உறை போட்டு மூடிய மெஷின் பார்வைக்கு வைத்தது. பிறகு கேன்டீனுக்குப் போய் மூன்றாம் வருட மாணவர் ஒருவரைப் பிடியுங்கள். ஒரு மெஷினுக்கு எத்தனை பேர், போன செமஸ்டரில் பாதியில் போன ஆசிரியர் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகளின் கணக்கில் காட்டிய மோசடி 2024-ல் வெளிவந்தது, அதனால் இணையதளத்தில் இருக்கும் ஆசிரியர் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம்.

4. தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் தானே வகுத்துக்கொள்கிறது. பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. நல்ல கையில் இந்தத் தன்னாட்சி வரம். மற்ற கையில் மதிப்பெண் தாராளமாக வரும், படிப்பு வராது. தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பல்கலைக்கழகமே வெளியிடுகிறது, அதைப் பாருங்கள்.

5. பிளேஸ்மென்ட் விளம்பரத்தில் இருக்கும் பெரிய சம்பளம் ஒருவருடையது. உங்கள் துறையில் எத்தனை பேரில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்பதைக் கேளுங்கள்.

6. வீட்டில் கடன் வாங்கிப் படிக்க வைப்பதாக இருந்தால் விடுதி, பஸ் கட்டணத்தையும் சேர்த்து நான்கு வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. முதல் பட்டதாரிச் சலுகையும் உண்டு. இவற்றுக்கான சான்றிதழ்களை இப்போதே வாங்கி வையுங்கள்.

7. சாய்ஸ் ஃபில்லிங்கில் மனசுக்குப் பிடித்ததை முதலில் போடுங்கள். கிடைக்காது என்று பயந்து கீழே தள்ளாதீர்கள். அது கிடைக்காவிட்டால் அடுத்ததைத்தான் கணினி பார்க்கும், உங்கள் ரேங்க் அப்படியே இருக்கும். லாக் செய்யும் முன் கல்லூரிக் குறியீட்டு எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் உண்டு.