வேட்டைக் கதையும் ஊர் வரலாறும் வீடு வீடாகச் சுற்றிவர 12 குறிப்புகள்

புதுச்சேரிக்கென்று பழங்குடியினர் பட்டியல் வெளியானது 2016 டிசம்பரில்தான். அதில் இருளர் என்ற பெயரோடு வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களும் உண்டு. துப்பாக்கியும் கண்ணியும் சட்டப்படி ஓய்ந்துவிட்டாலும், தடம் பார்க்கத் தெரிந்த கண்கள் கிராமங்களில் இன்னும் இருக்கின்றன. வேட்டை, சாகச, வரலாற்று நூல்கள் அந்தக் கண்களுக்கு முன்னால் போக வேண்டும். அவர்கள் கேட்டுச் சரிபார்க்கும்போதுதான் அந்த நூல்களுக்கு முழு உயிர் வருகிறது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உள்ள குடும்பங்கள் இதை எளிதாகச் செய்யச் சில குறிப்புகள்.

1. முதலில் ஜிம் கார்பெட். 1944-இல் வெளிவந்த அவருடைய முதல் புகழ்பெற்ற நூலைத் தி.ஜ.ர. 'குமாயுன் புலிகள்' என்று தமிழாக்கினார். ஒவ்வொரு வேட்டையும் தனிக் கதை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் ஒன்றை முடித்துவிடலாம். நானூறுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907-இல் அவர் சுட்ட கதையிலிருந்து தொடங்குங்கள். பழைய துப்பாக்கிக் குண்டால் அதன் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் மனிதரைத் தேடி வந்தது என்கிறார் கார்பெட். இந்த இடம் வந்ததும் பிள்ளைகளிடம், "புலி ஏன் ஆட்கொல்லி ஆகுது?" என்று கேளுங்கள்.

2. அடுத்து, நம் ஆற்றோடு உறவுள்ள கதைகள். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் 1954-இல் எழுதிய 'நைன் மேன்ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்' நூலில் ஜவளகிரிப் புலியின் கதை வருகிறது. ஜவளகிரி தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்துக் காடு. பாகூருக்குத் தெற்கே ஓடிக் கடலில் சேரும் தென்பெண்ணை அந்த ஓசூர்ப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. இதைச் சொல்லிவிட்டுத் தொடங்கினால் கதை அந்நியமாகத் தெரியாது. ஆங்கிலம் படிக்கிற பிள்ளை புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம்.

3. வாய்விட்டு வாசியுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பெரியவரே சில சமயம் கூட்டத்தில் மிகச் சிறந்த வாசகர். காலடித் தடமோ குரங்கின் எச்சரிக்கைக் குரலோ வரும் இடத்தில் புத்தகத்தை மூடி, "இப்ப நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, பெரியப்பா?" என்று கேளுங்கள். அவர் பதில் சொன்ன பிறகு பக்கத்தைத் திருப்புங்கள். ஒரு நேரத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

4. புத்தகத்தில் இல்லாததைப் பெரியவரிடம் கேட்டு வாங்குங்கள். பாகூர் நெல் வயல்களில் அறுப்பு முடிந்ததும் எலி பிடிக்கும் இருளர், வளை வாயிலில் கிடக்கும் மண்ணைத் தொட்டுப் பார்ப்பார்கள். மண் புதிதாக, ஈரமாக இருந்தால் எலி உள்ளே இருக்கிறது. மற்ற வாய்களை மண்ணால் அடைத்து, அடியில் ஓட்டை போட்ட மண்சட்டியில் வைக்கோலைக் கொளுத்தி, ஓட்டையில் வாய் வைத்து ஊதிப் புகையை வளைக்குள் ஏற்றுவார்கள். கார்பெட் புலித்தடம் படித்ததும் இவர்கள் மண் படிப்பதும் ஒரே கல்வி. இதைப் பிள்ளைகள் காது கேட்கச் சொல்லுங்கள்.

5. கேட்டதை எழுதி வையுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, சொன்னவர் பெயர், சொன்ன பேச்சு. அவர் சொற்களை மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். மூலிகை, பாம்புக்கடி வைத்தியம் போன்றவற்றை அவர் அனுமதி தந்தால் மட்டும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒருமுறை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள்.

6. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை முதல் நாளே தூக்க வேண்டாம். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த அவர் 1736 முதல் 1761 வரை எழுதியது அது. பல தொகுதிகள் ஓடும். பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' நாவலை முதலில் படியுங்கள். பிறகு, 1995-இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற 'வானம் வசப்படும்'. இரண்டும் அந்த நாட்குறிப்பின் காலத்தைக் கதையாக்கியவை. இவற்றை முடித்தவருக்கு நாட்குறிப்பின் மனிதர்கள் தெரிந்தவர்களாகிவிடுவார்கள்.

7. வரலாற்றைச் சொந்த ஊரின் பெயரோடு சேர்த்துப் படியுங்கள். 1752-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போருக்குப் பெயரே பாகூர்ப் போர்தான். அதற்கு எட்டு நூற்றாண்டுக்கும் முன்னால், பல்லவன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களின் வருவாய் கொடையாகப் போனதைச் சொல்கிறது. இதைப் படித்த வாரத்திலேயே பிள்ளைகளை மூலநாதர் கோயிலுக்கு அழைத்துப்போய்ச் சுவரில் உள்ள சோழர் கல்வெட்டுகளைக் காட்டுங்கள்.

8. சங்க நூலுக்கும் ஒரு மாலை ஒதுக்குங்கள். சிறுபாணாற்றுப்படையில் பாணர் நடந்துபோகும் வழி ஓய்மாநாடு. அதன் கிடங்கில்தான் இன்றைய திண்டிவனம் பக்கம். அந்த வழியில் வேட்டைக் குடியான எயினர் வீட்டுப் பெண்கள், வந்த பாணருக்குப் புளிச்சோறும் சுட்ட ஆமான் (காட்டுப்பசு) இறைச்சியும் தந்து பசியாற்றுகிறார்கள். வேட்டைக்காரர் வீட்டு விருந்தோம்பல் நம் பழைய இலக்கியத்தில் பெருமையாகப் பதிவாகியிருப்பது அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்.

9. கதையோடு சட்டத்தையும் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயலையோ கொக்கையோ பிடிப்பது குற்றம். வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரி 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கார்பெட்டே பின்னாளில் புலியைப் படம் பிடிப்பதில் ஈடுபட்டு, அதைக் காக்கவும் பேசினார். அவர் நூலுக்கு அடுத்து, இயற்கையியலாளர் மா.கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' கட்டுரைகளைக் கொடுங்கள். ஏரிக்கரையில் நின்று பார்க்கும் ஆசை தானே வரும்.

10. இரவல் நோட்டு வையுங்கள். புத்தகம், வாங்கியவர், வாங்கிய தேதி, திரும்பிய தேதி என்று நான்கு கட்டம். பிரவுன் தாள் அட்டை போட்டு, உள்ளே வீட்டுப் பெயர் எழுதுங்கள். பக்க அடையாளத்துக்கு ஓரத்தை மடிக்காமல் ஒரு நூலோ காய்ந்த ஓலைத் துண்டோ வைக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது "எந்த இடம் பிடிச்சிருந்துச்சு?" என்று கேட்டு அதையும் ஒரு வரி குறித்துக்கொண்டால், அடுத்து வாங்குபவருக்கு அதுவே பரிந்துரை. விலை கொடுத்து வாங்க முடியாத நூலுக்கு அருகிலுள்ள கிளை நூலகத்தைக் கேளுங்கள். நகரத்திலிருக்கும் ரோமன் ரோலண்ட் நூலகம் 1827-லிருந்து நடக்கிறது. அதில் உறுப்பினராவது நல்லது.

11. கரையானும் ராமபாணமும் அண்டாமல் காக்க, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் கரையான் ஏறாது. கொசு வராமலிருக்கத் தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும் சிறு துணியில் முடிந்து தட்டில் வைத்து, மணம் போனதும் புதிதாக மாற்றுங்கள். ஈர இலை வைத்தால் பூஞ்சை வரும். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் பாச்சை உருண்டை வேண்டாம். மாதம் ஒருமுறை எல்லாப் புத்தகங்களையும் எடுத்து விரித்துத் தட்டுங்கள். படிக்கிற புத்தகத்தில் பூச்சி தங்காது.

12. ஐப்பசி பிறக்கும் முன்பே மழைக்குத் தயாராகுங்கள். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. எனவே நல்ல புத்தகங்களையும் பெரியவர் சொன்னதை எழுதிய நோட்டையும் தடித்த பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, பரணில் வையுங்கள். நனைந்துவிட்டால் ஒட்டிய பக்கங்களைப் பிய்க்கவும் வேண்டாம், கடும் வெயிலில் போடவும் வேண்டாம். நீரை வடியவிட்டு, சில பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைத் தாளைச் செருகி, நிழலில் ஃபேன் காற்றில் நிற்க வையுங்கள். தாள் நனைந்ததும் மாற்றுங்கள். நிறையப் புத்தகம் நனைந்து உடனே கவனிக்க முடியாவிட்டால், பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காயவிடலாம். முதலில் காப்பாற்ற வேண்டியது அந்தக் கையெழுத்து நோட்டைத்தான். அச்சுப் புத்தகத்தை இன்னொரு பிரதியாக வாங்கிக்கொள்ளலாம்; நோட்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதனால் அதன் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து, உறவினர் இருவருக்கு இன்றே அனுப்பிவிடுங்கள்.