உப்பளத்தில் ஒரு மாணவி கற்ற பாடம்

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம் முன்னோர் வழக்கு. உணவளித்தவரை உயிருள்ளவரை மறவாதே என்று இதற்குப் பொருள் கூறி, முப்பத்தேழு ஆண்டுகள் வகுப்பறையில் பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். உணவிட்டவரை நினைக்கச் சொன்ன நாம், அவ்வுணவில் இட்ட உப்பை விளைவித்தவர் யார், அவர் எவ்வாறு வாழ்கிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பிள்ளைகளையும் கேட்கச் செய்ததில்லை. எழுபது வயதைக் கடந்த பின்னர் அக்கேள்வியை நம்மிடம் கொண்டுவந்தவள் பத்தொன்பது வயது மாணவி ஒருத்தி.

அவளுடைய தாயார் நம்மிடம் ஐந்தாம் வகுப்பு பயின்றவர். ஆதலின் அப்பெண் நம்மை 'டீச்சர் பாட்டி' என்றே அழைப்பாள். 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தன் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மரக்காணம் பகுதியிலுள்ள சிற்றூர் ஒன்றில் ஏழு நாள் தங்கித் திரும்பியிருந்தாள். "எழுத்துப் பிழை மட்டும் பார்த்துக் கொடுங்கள், டீச்சர் பாட்டி. நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும்" என்று தன் முகாம் ஏட்டை நம் கையில் தந்தாள். பழைய வழக்கப்படி சிவப்பு மைப் பேனாவுடன் அமர்ந்தோம். எழுத்துப் பிழைகள் பதினொன்று இருந்தன. அவற்றைத் திருத்தியது எளிது. அவ்வேடு நம்மிடத்துக் கண்ட பிழை வேறு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

திட்டமும் நோக்கமும்

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள் தொடங்கப்பட்டது. முதலாண்டில் 37 பல்கலைக்கழகங்களும் ஏறத்தாழ 40,000 மாணவர்களும் இதில் பங்கு கொண்டனர். இதிற் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் தொண்டு செய்தல் வேண்டும்; அதனோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் தங்குதல் வேண்டும். 'எனக்காக அன்று, உனக்காக' என்னும் கருத்தே இதன் குறிக்கோள்.

குறிக்கோள் உயர்ந்ததே. எனினும், நடைமுறையில் இவ்வேழு நாள்கள் பல நேரங்களில் ஒரு சான்றிதழாகவும் ஒரு குழுப் புகைப்படமாகவும் முடிந்துவிடுகின்றன. இம்மாணவியின் ஏடும் முதலில் அவ்வழியிலேதான் சென்றது.

முதல் மூன்று நாள்கள்

முதல் நாள் எழுதியது: "ஏழை மக்களுக்கு உதவ வந்துள்ளோம் என்பதை எண்ணிப் பெருமை கொள்கிறோம்." பள்ளி வளாகத்தைத் தூய்மை செய்ததும், மாலையில் கலை நிகழ்ச்சி நடத்தியதும் அன்றைய பக்கத்தில் உள்ளன.

இரண்டாம் நாள் தெருவோரம் நாற்பது மரக்கன்றுகள் நட்டனர். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, "கன்னு நட்டுட்டுப் போறீங்க பாப்பா, தண்ணி ஊத்தறது யாரு?" என்று கேட்டார். அவ்வூரில் கிணற்று நீர் உவர் நீர். குடிநீரோ குழாயில் வரும்போது குடங்களில் பிடித்து வைத்துக்கொள்வது. கன்றுக்கு ஊற்றும் ஒரு குடம் யாரோ ஒருவர் வீட்டுக் குடிநீரில் குறையும் ஒரு குடம். இதனை நட்ட மாணவருள் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மாணவி அக்கேள்வியை அப்படியே எழுதி வைத்தாள். அதற்கு விடை எழுதவில்லை.

மூன்றாம் நாள் வீடுதோறும் கணக்கெடுப்பு. அன்றிரவு அவள் எழுதிய தொடர் இது: "இங்குள்ளோர் பெண் குழந்தைகளின் படிப்பில் அக்கறை காட்டுவதில்லை. அறியாமையே காரணம்."

நிரப்ப இயலாத கட்டம்

கணக்கெடுப்புப் படிவத்தில் 'மாத வருமானம்' என்றொரு கட்டம் இருந்தது. நான்காம் நாள் அவள் சென்ற முதல் வீட்டுப் பெண்மணி, "எந்த மாசத்தைக் கேட்கிறே?" என்று திருப்பிக் கேட்டார். உப்பளத்தில் வேலையுள்ள மாதம் உண்டு. இல்லாத மாதமும் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கியது முதல் தைத் திங்கள் வரை உப்பளத்தில் நீர் நிற்கும், கூலி நிற்கும். அக்காலத்துக்கு முன்பணமாகவோ கடனாகவோ வாங்கியதை வெயிற்காலத்தில் உழைத்துக் கழிக்கின்றனர். ஆக, ஒரு மாதத்தில் கையில் வரும் பணம் அம்மாதத்து வருமானமே அன்று. சென்ற மழைக்காலத்தில் உண்டதன் விலை அது.

அதற்கு முந்தைய மழைக்காலமோ கொடியது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இப்பகுதி பெருமழை கண்டது. பாத்திகளின் வரப்புகள் கரைந்து, சேறு படிந்து, அவற்றை மீண்டும் சீராக்கவே பல கிழமைகள் சென்றன என்று ஊரார் கூறினர். அந்தக் கட்டத்தில் எண் எதனையும் எழுதாமல், "இக்கேள்வியே தவறு" என்று பென்சிலால் எழுதியிருந்தாள் மாணவி.

உப்பு விளையும் வகை

மறுநாள் விடியுமுன் அப்பெண்மணியுடன் உப்பளத்துக்குச் சென்றாள். அங்குக் கண்டதை அவள் எழுதியுள்ளவாறே சுருக்கித் தருகிறோம். இல்லத்துப் பிள்ளைகளுக்கு இதனைப் பாடமாகவே கூறலாம்.

ஆயிரம் லிட்டர் கடல்நீரில் கரைந்துள்ள உப்புகள் ஏறத்தாழ 35 கிலோ. அதில் நாம் சமைக்கும் உப்பு ஏறத்தாழ 27 கிலோ மட்டுமே. நீரைப் பெரிய தேக்கங்களில் நிறுத்தி, வெயிலில் வற்றவைத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பாத்திகளுக்கு மாற்றுகின்றனர். நீரின் செறிவை 'டிகிரி' என்று அளவிடுவர். கடல்நீர் ஏறக்குறைய மூன்று டிகிரி. அது இருபத்தைந்து டிகிரியை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். முப்பதை நெருங்கினால் கசப்பு உப்புகளும் சேர்ந்துவிடும். ஆதலின் எஞ்சிய நீரை வடித்துவிடல் வேண்டும். அதற்கு முன்னர், பாத்தியின் தரை இறுகும்பொருட்டு நாள்கணக்கில் காலால் மிதிக்க வேண்டும். விளைந்த உப்பைப் பலகையால் வாரிக் குவிப்பர். பெண்கள் அதனைத் தலைச்சுமையாக மேட்டுக்குக் கொண்டு செல்வர்.

இத்தொழிலில் வெயில் எவ்வளவு கடுமையோ, விளைச்சல் அவ்வளவு மிகுதி. நாம் எந்த நாளில் வாசலைத் தாண்ட அஞ்சுகிறோமோ, அந்நாளே அவர்களுக்கு நல்ல நாள். வெண்மையான பாத்தியினின்று எழும் ஒளி கண்ணை உறுத்தும். உவர் நீரில் நின்ற பாதம் வெடிக்கும். வெடிப்பினுள் உப்பு புகும். கடுவெயிலுக்குத் தப்பவே விடியுமுன் கைவிளக்குடன் செல்கின்றனர். தாய் அந்நேரத்தில் புறப்பட்டால், தம்பி தங்கையரை எழுப்பி, நீர் பிடித்து, பள்ளிக்கு அனுப்புபவர் யார்? வீட்டின் மூத்த பெண் குழந்தை. அவள் பள்ளிக்குப் பிந்திச் செல்வதும், பின்னர்ச் செல்லாமலே நிற்பதும் இவ்வாறே நிகழ்கின்றன.

ஐந்தாம் நாள் பக்கத்தில், மூன்றாம் நாள் தொடரிலிருந்த 'அறியாமையே காரணம்' என்னும் சொற்களைத் தானே அடித்துவிட்டதாக மாணவி குறித்திருக்கிறாள். "அறியாமை இருந்தது உண்மை, அது என்னுடையது" என்று கீழே எழுதியிருந்தாள்.

நமது பதிவேட்டில் ஒரு கோடு

அதே பக்கத்தில் அப்பெண்மணி சொன்ன சொல் ஒன்றும் இருந்தது. வயது ஐம்பத்தைந்து இருக்கும். "மூணாங்கிளாஸ் வரைக்கும் போனேன். அப்புறம் பேரை எடுத்துட்டாங்க." இவ்வரியைக் கண்டதும் நம் சிவப்புப் பேனா நின்றுவிட்டது.

நாம் பயிற்சி முடித்துப் பணியிற் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, 1974. உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தொடக்கப்பள்ளி. மூன்றாம் வகுப்பில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பொங்கலுக்குப் பின் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் வாரக்கணக்கில் வெற்றிடம். வழக்கப்படி அவள் பெயரின் மேல் கோடிட்டோம். பள்ளி மீண்டும் திறந்து சில நாள் கழித்து, ஆனி மாதத்தில் அவள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "ஐந்து மாதம் எந்த ஊர் சுற்றிவிட்டு வருகிறாய்?" என்று கேட்டோம். வகுப்பு முழுதும் சிரித்தது. அவள் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்ததைக் கண்டோம். ஏன் என்று கேட்டோமில்லை. தந்தையை அழைத்து வருமாறு கூறி அனுப்பினோம். மறுநாள் அவள் வரவில்லை. அதன்பின் ஒரு நாளும் வரவில்லை.

அவள் குடும்பம் செங்கற்சூளைக்குச் சென்றிருந்தது என்பதைச் சில மாதம் கழித்தே அறிந்தோம். அங்கும் முன்பணம் உண்டு. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. குடும்பத்தார் அனைவரும் சேர்ந்தாலன்றிக் கணக்கு நேராகாது. ஈரக் கல்லைக் காய்வதற்குத் திருப்பிப் போடுவது பெரும்பாலும் சிறுவர் வேலை. அறிந்த பின்னரும் அவ்வீட்டை நாடி நாம் சென்றோமில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தபோது, அதனைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்வித்தோம். அப்போதும் அச்சிறுமி நினைவுக்கு வரவில்லை.

உப்பளத்துப் பெண்மணி அச்சிறுமி அல்லர். ஊர் வேறு, பள்ளி வேறு, வயதும் பொருந்தாது. ஆயினும் இருவர் பெயரின் மேலும் விழுந்த கோடு ஒரே வகையான கோடு. அதனை இடுவதற்கு நமக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

இன்று சட்டம் மாறியிருக்கிறது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குச் சான்று இல்லை என்பதற்காகவோ, பிந்தி வந்தது என்பதற்காகவோ பள்ளியில் இடம் மறுத்தல் கூடாது; தொடக்கக் கல்வி முடியும்வரை வெளியேற்றுதலும் கூடாது. ஆனால் வாசலில் நிற்கும் பிள்ளையிடம் முதலில் என்ன கேட்பது என்பதை எந்தச் சட்டமும் கற்பிக்க இயலாது.

மீண்டும் சென்றபோது

ஏட்டைத் திருப்பித் தந்தபோது, "எத்தனை பிழை?" என்று மாணவி கேட்டாள். எண்ணிக்கையைக் கூறிவிட்டு, நமது 1974ஆம் ஆண்டுக் கதையையும் கூறினோம். சிறிது நேரம் பேசாதிருந்தவள், "நான் திரும்பிப் போக வேண்டும், டீச்சர் பாட்டி" என்றாள்.

சொன்னவாறே அக்டோபரில், தீபாவளி விடுமுறையில், தோழியர் இருவருடன் சென்றாள். நட்ட நாற்பதில் ஆறு கன்றுகள் இருந்தன. அவையும் பாத்திரம் கழுவும் நீர் ஓடும் பக்கம் நின்றவை. இம்முறை அவர்கள் எதனையும் கொண்டு செல்லவில்லை. என்ன தேவை என்று கேட்டனர். துணியோ அரிசியோ எவரும் கேட்கவில்லை. உப்பளத் தொழிலாளர்க்கு மழைக்கால நிவாரணமாக ரூ. 5,000 வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது. அடையாள அட்டையில் ஓர் எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறோர் எழுத்து என்று பெயர் மாறியிருந்தமையால் சிலர் இத்தகைய உதவிகளைப் பெற இயலாமல் இருந்தனர். "எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும்" என்பதே அவர்கள் கேட்டது.

இரண்டு நாள் ஒரு திண்ணையில் அமர்ந்து மனுக்கள் எழுதினர். எத்தனை பேருக்கு உதவினோம் என்னும் கணக்கு இம்முறை அவள் ஏட்டில் இல்லை. யார் யாருக்குத் திருத்தம் இன்னும் முடியவில்லை என்னும் பட்டியல் இருக்கிறது. அப்பட்டியலுக்காகவே அவள் மீண்டும் மீண்டும் சென்று வருகிறாள். ஒருவர் பெயரில் உள்ள ஓர் எழுத்தைத் திருத்துவதும் ஆசிரியர் பணியே என்பதை அவளிடம் கற்றோம்.

இல்லந்தோறும் செய்யத்தக்கன

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானத்தை நம் குடும்பங்கள் நன்கறியும்; கொடுத்தல் நமக்குப் புதிதன்று. கொடுப்பதற்கு முன்னர் அறிதல் வேண்டும் என்பதையே பிள்ளைகளுக்குப் பழக்குதல் வேண்டும். அதற்குச் சில பயிற்சிகள்:

1. நம் இல்லத்துக்கு வரும் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு, உப்போ செங்கல்லோ அரிசியோ, அது யார் யார் கைகளைக் கடந்து வந்தது என்று பிள்ளைகளை எழுதச் செய்க.

2. நம் வீட்டில் வேலை செய்பவரின் பிள்ளைகள் எந்த வகுப்பு பயில்கின்றனர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று கேட்க. தெரியாதெனில், நமக்குத் தெரியுமா என்றும் எண்ணிப் பார்க்க.

3. பிறரைப் பற்றி 'சோம்பல்', 'அறியாமை', 'அக்கறையின்மை' என்று பிள்ளை கூறினால் உடனே மறுக்க வேண்டா. "அவருடைய ஒரு நாளை விடியலிலிருந்து இரவு வரை சொல்" என்க. சொல்ல இயலாதபோது அச்சொல் தானே உதிர்ந்துவிடும்.

4. முகாமுக்குச் சென்று வந்த பிள்ளையிடம் "என்ன செய்தாய்?" என்று கேட்பதோடு நில்லாமல், "உன்னிடம் அவர்கள் என்ன கேட்டார்கள்?" என்றும் கேட்க.

5. ஒரு முறை சென்ற ஊருக்கு ஆறு திங்களுக்குள் மீண்டும் அழைத்துச் செல்க. நட்ட கன்று நிற்கிறதா என்று பார்ப்பதும் தொண்டின் பகுதியே.

இவ்வைந்தனுள் ஒன்றையேனும் வரும் மழைக்காலத்துக்கு முன்னர்த் தொடங்குதல் நலம். உப்பளத்தில் கூலி நின்று, வீட்டில் அடுப்புக்குக் கணக்குப் பார்க்கும் காலம் அது.